வெட்டு எந்தப் பக்கம்

மீட்டரில் முப்பத்தொன்று என்று வந்தது. தம்பிதுரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். முப்பத்தொன்றுதான். ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது பேச்சு. இந்தக் கணக்கில் ஒன்று என்றால் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு வழியில் தொலைகிறது, பரவாயில்லை. முப்பது என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. அதாவது எதுவும் போய்ச் சேரவில்லை. அவர் அந்த ஜோடியைக் கழற்றிவிட்டு அடுத்த ஜோடி லென்ஸை எடுத்தார். மணி பதினொன்று பத்து. மூன்று மணிக்கு அவர் கிளம்பியாக வேண்டும்.

தொண்ணூற்றொன்பது ஏப்ரல். குறிச்சி தொழிற்பேட்டையில், எங்கள் முதலாளி கண்ணையாவின் பம்ப் பட்டறைக்குப் பின்னால், ஏசி போட்டிருந்த ஒரே அறை அது. மூன்று தலைமுறையாகப் பம்ப் செய்கிற குடும்பம். அவர் லென்ஸ் செய்யப் போகிறேன் என்று கிளம்பியபோது சொந்தக்காரர்கள் எல்லாம் தெலுங்கில் சிரித்தார்கள். கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவனுக்கு வெளிச்சத்தில் என்ன வேலை என்று அவருடைய தாய்மாமனே கல்யாண வீட்டில் கேட்டார். அந்தச் சிரிப்புக்கு எதிராக அவர் வேலைக்கு வைத்த ஆள் நான். பெயர் கனகம், வயது இருபத்தொன்பது, எம்.எஸ்ஸி. பௌதிகம், அதற்குமேல் டேராடூனில் இரண்டு வருடம் லென்ஸ் வடிவமைப்பு. ஊரில் என்னை யாராவது என்ன வேலை என்று கேட்டால் கண்ணாடிக் கடை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

உண்மையில் அது கண்ணாடிக் கடைதான், கொஞ்சம் சின்னது. நாம் பேசுகிற தொலைபேசிப் பேச்செல்லாம் முடியளவு கண்ணாடி இழைக்குள் வெளிச்சமாக ஓடுகிறது. ஓர் இழையில் வருவதை இன்னோர் இழைக்கு மாற்றிவிட வேண்டுமானால் அதுவரை வெளிச்சத்தை மின்சாரமாக்கி, மாற்றி, மறுபடி வெளிச்சமாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தலைச்சுற்றல் வேண்டாம், வெளிச்சத்தையே நேராகத் திருப்பிவிடலாம் என்று வந்ததுதான் ஒளி சுவிட்ச். இழையின் நுனியிலிருந்து வெளிச்சம் சிதறி வரும். ஒரு லென்ஸ் அதைச் சீராக்கி நேராக அனுப்பும். நடுவில் பருப்பளவு முகக்கண்ணாடி ஒன்று அதைத் திருப்பும். எதிரே இன்னொரு லென்ஸ் வாங்கி, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமுள்ள வேறோர் இழைக்குள் குவித்துவிடும். கண்ணுக்கே தெரியாத வெளிச்சம் அது. எங்கே தவறிப் போகிறது என்று பார்க்கவும் முடியாது, மீட்டர் சொன்னால்தான் உண்டு. அந்த மீட்டரும், லென்ஸை மாட்டிப் பார்க்கிற ஜிக் என்கிற பிடியும் பெங்களூர்க் கம்பெனியிடம்தான் இருந்தன. கம்பெனியிலிருந்து அவற்றைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்தவர்தான் தம்பிதுரை.

இரண்டாவது ஜோடி, இருபத்தொன்பது. மூன்றாவது, முப்பத்திரண்டு. கண்ணையா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், ஏசி ஓடிக்கொண்டிருந்தும்.

"ஏனுங்க சார், பாலிஷ்ல ஏதாச்சும் கோளாறா இருக்குமுங்களா?"

"இருக்கலாம் சார். என் பக்கத்துல ஒண்ணும் இல்ல, நேத்தே செக் பண்ணிட்டுத்தான் வந்தேன். ரெண்டு மாசம் முன்னாடி சாம்பிளுக்கு ரெண்டு பீஸ் குடுத்தீங்களே, அது அவ்வளவு நல்லா இருந்துச்சு. பாயின்ட் ஆறு. அதை நம்பித்தானே அறுபத்துநாலு பீஸ் கேட்டோம்."

பம்ப் ஓடவில்லை என்றால் கண்ணையா முதலில் ஃபிட்டரைத்தான் கூப்பிடுவார். வடிவத்தில் தப்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது, வடிவம் அவருடைய தாத்தா காலத்திலிருந்து மாறவில்லை. ஆனால் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பாலிஷ் கெட்டால் ஆறு வரும், எட்டு வரும். ஜோடிக்கு ஜோடி சரியாக முப்பதையொட்டி வருகிறது என்றால் எல்லா லென்ஸும் ஒரே மாதிரி, ஒழுக்கமாக, தப்பாக இருக்கின்றன. ஒழுக்கமான தப்பு பட்டறையில் நடக்காது. அது காகிதத்தில் நடக்கும்.

நான் மேசை ஓரத்தில் இருந்த என் வரைபடத்தை எடுத்தேன். பக்கத்தில் பெங்களூர்க்காரர்கள் முதலில் அனுப்பிய அமெரிக்க வரைபடம். எங்கள் லென்ஸ் அரிசியளவு கண்ணாடித் தண்டு. ஒரு முனை உருண்டை, மறுமுனை எட்டு டிகிரி சாய்வு. சாய்வு இல்லாவிட்டால் வெளிச்சம் பட்டுத் திரும்பி வந்த வழியே போய்த் தொல்லை செய்யும். சாய்ந்த முனை என்பதால் தண்டுக்கு ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. வித்தியாசம் கால் மில்லிமீட்டர். எந்தப் பக்கம் எது என்று தெரிய உடம்பில் ஒரு சின்ன வெட்டு உண்டு. பிடியில் இருக்கிற முள் அந்த வெட்டில் உட்காரும், லென்ஸ் திரும்பாமல் நிற்கும். அமெரிக்கக்காரர்கள் ஒரு பொருளை மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பதைப் படத்தின் மேல்பக்கம் வரைவார்கள். நம் ஊரில் படித்தவர்கள் அதையே கீழ்ப்பக்கம் வரைவோம். படத்தின் மூலையில் எந்த முறை என்று ஒரு சின்ன அடையாளம் போட்டிருக்கும். பட்டறை ஆட்களுக்குப் புரியட்டும் என்று தமிழில் எழுதி அந்தப் படத்தைத் திருப்பி வரைந்தவள் நான். மேலே இருந்ததைக் கீழிருந்து பார்த்ததாக நினைத்துக்கொண்டு வரைந்திருந்தேன். மூலையிலிருந்த அடையாளத்தைப் பார்க்கவேயில்லை. வெட்டு குட்டைப் பக்கம் இருக்க வேண்டியது. என் படத்தில் நீளப் பக்கம் இருந்தது. அறுபத்துநாலு லென்ஸும் தலைகீழாகப் பிடியில் உட்கார்ந்துகொண்டிருந்தன.

அதைவிட மோசமாக ஒன்று உடனே ஞாபகம் வந்தது. பத்து நாளைக்கு முன், எங்கள் பாலிஷ்காரர் குத்தூஸ் பாய் என் மேசைக்கு வந்து நின்றார். உள்ளங்கையில் ஒரு தண்டு. நான் பெங்களூருக்கு ஃபேக்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தேன், மிஷின் காகிதத்தை இழுத்துக்கொள்ளாமல் சண்டித்தனம் செய்தது.

"அம்மணி, வெட்டு இந்தப் பக்கமே இருக்கட்டுங்களா?"

"ஆமாங்க பாய், படத்துல இருக்கறபடியே இருக்கட்டும்."

"செரிங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் பார்த்து நீ செய்தது தப்பு என்று சொல்ல மாட்டோம், நாக்கு எழாது. டெய்லர், "கை இவ்வளவே இருக்கட்டுங்களா?" என்று கேட்டால் சட்டை கெட்டது என்று அர்த்தம். பெண் பார்க்க வந்தவர்கள், "போயிச் சொல்லி அனுப்பறோமுங்க" என்றால் அந்தப் பெண்ணின் வீட்டார் பலகாரத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடலாம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இதற்கு அகராதி தேவையில்லை. குத்தூஸ் பாய் என்னிடம் கேள்வி கேட்கவில்லை, படம் தப்பு என்று சொன்னார். என் படம் வருவதற்கு முன், அமெரிக்கப் படத்தை வைத்துச் சாம்பிள் லென்ஸைத் தேய்த்தவர் அவர்தான், கால் மில்லிமீட்டரை நகத்தால் தடவியே கண்டுபிடித்திருக்கிறார். நான் இந்த ஊர்க்காரி, ஆனால் ஃபேக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன்.

"பாலிஷ் யார் பண்றது?" என்று தம்பிதுரை கேட்டார்.

"பாய் ஒருத்தர் இருக்காருங்க. கோட்டைமேடு" என்றார் கண்ணையா.

தம்பிதுரை பேனாவை மேசையில் ஒருமுறை தட்டினார். ஊரில் குண்டு வெடித்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. கோட்டைமேடு முஸ்லிம்கள் குடியிருக்கிற பகுதி, அதன் தெருமுனைகளில் போலீஸ் காவல் இன்னும் எடுபடவில்லை. அந்த வருடம் கோயமுத்தூரில் வேலை கேட்டுப் போகிறவரிடம் என்ன வேலை தெரியும் என்று யாரும் முதலில் கேட்கவில்லை, எங்கே குடியிருக்கிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். கோட்டைமேடு என்றதும், "செரிங்க, ஆள் வேணும்னா சொல்லி அனுப்பறோமுங்க" என்று அதே 'ங்க' போட்டு மரியாதையாக வாசல் வரை வந்து அனுப்பிவைத்தார்கள். குத்தூஸ் பாய் இருபத்திரண்டு வருடம் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்தவர். அந்தக் கடை மூடியபின் எட்டு இடம் ஏறி இறங்கி ஒன்பதாவதாக இங்கே வந்தார். கண்ணையா அவருடைய கையைப் பார்த்தார், வீட்டு விலாசத்தைப் பார்க்கவில்லை. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே கண்ணையா இப்போது யாரும் கேட்காமலேயே விலாசத்தைச் சொன்னார். இங்கிருந்தும் போனால் பாய்க்குப் பத்தாவது இடம் கிடையாது. கண்ணையாவுக்கும் எனக்கும் அது தெரியும்.

அப்போதே நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த அறுபத்துநாலும் தேறினால் அடுத்த பெரிய சுவிட்சுக்கு லென்ஸை முதலிலிருந்து நானே வடிவமைக்கலாம் என்று பெங்களூரிலிருந்து கடிதம் வந்திருந்தது. யாரோ வரைந்ததைத் திருப்பி வரைகிற வேலை அல்ல, என் வளைவு, என் கண்ணாடி, என் கணக்கு. மூன்று மாதமாக மனசுக்குள் அதைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். அமெரிக்கப் படத்தையும் நம் படத்தையும் மாற்றிப் பார்த்தவள் என்று தெரிந்தால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை. பாலிஷ் கோளாறு என்றால் இன்னொரு லாட்டுக்கு அவகாசம் கிடைக்கும், நான் சத்தமில்லாமல் படத்தைத் திருத்திவிடலாம். இப்படியெல்லாம் யோசிக்கிறவளா நான் என்று பிறகு பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆமாம், யோசித்தேன்.

கண்ணையா ஆள் அனுப்பியதும் குத்தூஸ் பாய் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். விரல் நுனிகளில் பாலிஷ் பொடியின் செம்மண் நிறம். கண்ணையா மீட்டரைக் காட்டினார்.

"ஏனுங்க பாய், அத்தனையும் போயிருச்சுங்களே. என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

பாய் பிடிக்குள் இருந்த லென்ஸைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்த்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், அவரே சொல்லிவிடட்டும் என்று ஒரு கோழைத்தனமான ஆசை. அவர் என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகவே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"தப்பு நடந்துபோச்சுங்க" என்றார்.

யார் செய்தது என்று அந்த வாக்கியத்தில் இல்லை. அது என்னைக் காப்பாற்றச் சொன்ன வாக்கியம் அல்ல, யாரையும் கைகாட்டாமல் இருக்கச் சொன்னது. எங்கள் பேச்சில் அதற்கு இடமுண்டு. ஆனால் தம்பிதுரை விருதுநகர்ப் பக்கத்து ஆள். அங்கே தப்பு நடந்துபோச்சு என்று ஒருவன் சொன்னால் அவன் செய்தான் என்றுதான் பொருள். கண்ணையாவுக்குப் பொருள் தெரியும், ஆனாலும் தம்பிதுரை புரிந்துகொண்டபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். தம்பிதுரை பையிலிருந்து ஓர் அச்சடித்த தாளை எடுத்து, கோளாறுக்குக் காரணம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் வேலைத்திறன் என்று எழுதினார். பக்கத்தில், பாலிஷ் செய்தவரே ஒப்புக்கொண்டார் என்று.

"ஆளை மாத்திடறோமுங்க சார். ஒரு மாசம் குடுங்க" என்றார் கண்ணையா. பாயைப் பார்த்து, "நீங்க போங்க பாய், அப்பறம் பேசிக்கலாம்" என்றார், கடுமை இல்லாமல்.

பாய் தலையை ஆட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்.

தம்பிதுரை தாளை என் பக்கம் திருப்பினார். "டிசைனர் இங்க ஒரு சைன் போடணும் மேடம்." பேனாவின் மூடி கழற்றியே இருந்தது. கண்ணையா என்னிடம் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார், கையெழுத்துப் போடும்மா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. என் வீட்டிலும் தெலுங்குதான், வீட்டுப் பேச்சில் சொன்னது என்னை வெகுவாகத் தொட்டிருக்க வேண்டும். பயம்தான் வந்தது. இப்படித்தான் இது நடக்கும்போலிருக்கிறது, இவ்வளவு அன்பாக, இவ்வளவு சீக்கிரமாக.

பேனாவை வாங்கி மேசையில் வைத்தேன். "பாய், நில்லுங்க" என்றேன். குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

இடுக்கியை எடுத்து, பிடியில் இருந்த முள்ளைப் பிடுங்கினேன். தம்பிதுரை, "மேடம், அது எங்க ஜிக்" என்று பாதி எழுந்தார். இரண்டாவது பிடியின் முள்ளையும் பிடுங்கினேன். அந்தப் பக்க லென்ஸை அரைச் சுற்றுத் திருப்பி, திருகை இறுக்கினேன். பிறகு இந்தப் பக்க லென்ஸை. இரண்டு முறை லென்ஸ் இடுக்கியிலிருந்து நழுவி வெல்வெட்டில் விழுந்தது. இழையின் நுனியை ஒட்டவைத்து, குமிழைத் திருகினேன். மீட்டர் முப்பதிலிருந்து இருபத்திரண்டுக்கு வந்தது. பன்னிரண்டு. ஐந்து. குமிழை இன்னும் ஒரு மயிரிழை. பாயின்ட் ஏழு. அங்கேயே நின்றது.

"லென்ஸ் நல்லா இருக்குதுங்க. வெட்டுத்தான் பக்கம் மாறிப்போச்சு. பாய் படத்துல இருக்கறபடிதான் வெட்டினாரு. படம் நான் போட்டது" என்றேன். "பத்து நாளைக்கு முன்னாடி எங்கிட்ட வந்து கேட்டாருங்க. நான் கேக்கல."

தம்பிதுரை இன்னொரு ஜோடியைத் தானே திருப்பி மாட்டிப் பார்த்தார். பாயின்ட் எட்டு. அப்புறம் என் படத்தையும் அமெரிக்கப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூலையில் இருந்த அடையாளத்தின் மேல் விரலை வைத்தார். அவர் நல்ல மனிதர். தாளில் எழுதியதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, காரணம்: வரைபடம் என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

புது வெட்டுப் போட்டு நான்கு நாளில் அனுப்பினால் லாட்டை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, பெட்டியை டாக்ஸியில் ஏற்றியபிறகு, கண்ணையாவிடம் சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னார். "அடுத்த ஸ்டேஜ் டிசைன் நாங்களே அங்க பாத்துக்கறோம் சார். நீங்க மேனுஃபேக்சரிங் மட்டும் பண்ணுங்க, அது உங்ககிட்ட ரொம்ப நல்லா இருக்கு." கண்ணையா, "செரிங்க சார்" என்றார். கார் போன பிறகு நேராகப் பம்ப் பட்டறைக்குள் போனார். உள்ளே யாரையோ சத்தம் போடுவது கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. மூன்று மாதம் மனசுக்குள் வரைந்த வளைவு எங்கே போய்த் தொலையும் என்று ஓர் அசட்டு யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது.

பாலிஷ் ஷெட்டுக்குப் போனபோது குத்தூஸ் பாய் வெட்டுப் போடுகிற சக்கரத்துக்கு எதிரே தண்டை மெழுகில் ஒட்டி, இரண்டாவது வெட்டுக்குத் தயாராக வைத்திருந்தார். அறுபத்துநாலும் ஈரத்துணி மேல் வரிசையாகக் கிடந்தன. நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவர் நன்றி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ, அப்படி ஓர் எண்ணம் இருந்ததற்காக இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

"பாய், அன்னைக்கு நீங்க கேட்டது எனக்கு ஒறைக்கவேயில்லீங்க."

"அதனால என்னங்க அம்மணி. வேலையில கவனமா இருந்தீங்க."

"தப்புன்னு நேராவே சொல்லிப்போட்டிருக்கலாமுங்களே?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"சொல்லிருக்கலாமுங்க. சொல்லி, உங்க படம் செரியா இருந்து, எம் பேச்சு தப்பாயிருந்தா?" என்றார். "உங்களுக்கு இன்னைக்கு ஒரு தப்பு ஆச்சுங்க. நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்து மேசையில ஒக்காந்துக்குவீங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். வெளியே பம்ப் சோதனைத் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"குட்டைப் பக்கம் வெட்டுங்க பாய்" என்றேன் கடைசியில்.

"செரிங்க" என்றார். ஆனால் சக்கரத்தை ஓட்டவில்லை. அலமாரியில் இருந்த குறிப்பு அட்டையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அடியில் ஒரு பலகையைக் கொடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மணி. குட்டைப் பக்கம்னு எழுதி, தேதி போட்டு, ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துருங்க."

அதுவரை எங்களுக்குள் காகிதமில்லாமல்தான் வேலை நடந்துகொண்டிருந்தது. எழுதினேன். வெட்டு குட்டைப் பக்கம். தேதி. கனகம். அவர் அதை வாங்கி, உதடு அசைய ஒருமுறை படித்தார். நான்காக மடித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். தினமும் சாயங்காலம் தன் தெருவுக்குள் நுழைய போலீஸிடம் நீட்டுகிற கம்பெனி அட்டை அதில் இருந்தது. அந்த அட்டைக்குப் பின்னால் என் தாளைச் செருகி, உறையைப் பையில் வைத்து, பித்தானைப் போட்டார். அப்புறம்தான் மோட்டார் சுவிட்சைத் தட்டினார்.